வலுவூட்டிய மண் சுவர்: கட்டும்போதும் கட்டிய பிறகும் எழும் கேள்விகள்

பாலத்துக்கு ஏறும் சாலையின் இரு ஓரத்திலும் கூட்டல் குறி வடிவிலோ சதுரமாகவோ கான்கிரீட் பேனல்களை அடுக்கிய உயரமான சுவரைப் பார்த்திருப்பீர்கள். சைட்டில் அதற்குப் பெயர் ஆர்.இ. வால் (ரீஇன்ஃபோர்ஸ்டு எர்த், அதாவது வலுவூட்டிய மண் சுவர்). இந்த வேலையிலேயே இருப்பதால் மேஸ்திரிகள், புதிதாகச் சேர்ந்த பொறியாளர்கள், சுவரை ஒட்டிக் குடியிருப்பவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான். அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்கு வரும் இடத்திலெல்லாம் ஒரே சுவரை எடுத்துக்கொள்கிறேன்: உயரம் 6 மீட்டர், பேனலுக்குப் பின்னால் மண்ணுக்குள் போகும் பட்டையின் நீளம் உயரத்தில் 0.7 பங்கு, அதாவது 4.2 மீட்டர்.

பேனல் ஒரு சாண் கனம்கூட இல்லையே, அது எப்படி இவ்வளவு மண்ணைத் தாங்குகிறது?

தாங்குவது பேனல் இல்லை. 14 முதல் 18 சென்டிமீட்டர் கனமுள்ள அந்தக் கான்கிரீட், முகப்பு மண் உதிராமல் பிடித்துக்கொள்ளும் தோல் மாதிரி. உண்மையான சுவர் அதற்குப் பின்னால் இருக்கிறது. மண்ணை ஒரு படுகை போட்டுக் கெட்டிப்படுத்தி, அதன் மேல் இரும்புப் பட்டையையோ ஜியோகிரிட் என்ற பிளாஸ்டிக் வலையையோ விரித்து, மறுபடி மண் போட்டு, இப்படியே உச்சி வரை போகிறார்கள். மண் வெளியே சரியப் பார்க்கும்போது பட்டைக்கும் மண்ணுக்கும் இடையிலான உராய்வு அதைப் பிடித்து இழுக்கிறது. மண்ணும் பட்டையும் சேர்ந்து 4.2 மீட்டர் அகலமுள்ள ஒரே கட்டியாகி, பின்னால் இருக்கும் கரையைத் தாங்குகின்றன.

இதைக் கண்டுபிடித்தவர் ஆன்றி விதால் என்ற பிரெஞ்சுப் பொறியாளர். கடற்கரையில் மணலைக் குவித்து நடுநடுவே பைன் மர ஊசியிலைகளைப் பரப்பியபோது குவியல் இன்னும் செங்குத்தாக நின்றதைப் பார்த்து இந்த யோசனை வந்ததாகச் சொல்வார்கள். 1963இல் காப்புரிமை பெற்றார். முதல் சுவர் 1965இல் பிரான்சில் எழுந்தது.

பட்டையில் ரொம்ப இழுவை வருவது பேனலோடு சேரும் போல்ட் கிட்டேதானே?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அதிகபட்ச இழுவை வருவது மண்ணுக்குள்ளே. வெளியே வரப் பார்க்கும் மண்ணும் அசையாமல் நிற்கும் மண்ணும் சந்திக்கும் கோட்டில், முன்பக்க மண் பட்டையை வெளியே இழுக்கிறது. பின்பக்க மண் உள்ளே பிடித்துக்கொள்கிறது. இரும்புப் பட்டை நீளாது என்பதால் அந்தக் கோடு முகப்புக்குப் பக்கத்திலேயே இருக்கும். நம் சுவரின் மேல்பாதியில் முகப்பிலிருந்து 1.8 மீட்டரில் நேராக இறங்கி, கீழ்ப்பாதியில் சாய்ந்து பேனலின் அடியில் வந்து முடியும். ஜியோகிரிட் கொஞ்சம் நீளும். அதனால் கோடு அடியிலிருந்து ஒரே சாய்வாக மேலேறி, உச்சியில் முகப்பிலிருந்து சுமார் 3.2 மீட்டர் தள்ளிப் போய்ச் சேரும்.

இந்த 1.8, 3.2, 4.2 என்ற மூன்று தூரங்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சாலை விரிசல் பற்றிப் பேசும்போது தேவைப்படும். இழுவை எவ்வளவு என்றால், பட்டைகளுக்கு நடுவே இருபக்கமும் 75 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால், அடிமட்டத்தில் ஒரு பட்டைக்கு இரண்டு டன்னுக்குச் சற்று மேல் வரும். 50 மில்லிமீட்டர் அகலமும் 4 மில்லிமீட்டர் கனமும் உள்ள பட்டைக்கு அது பெரிய சுமை இல்லை.

பேனலை உள்பக்கமாகச் சாய்த்து நிறுத்துகிறார்கள். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் ஏனோதானோவென்று வேலை செய்கிறார்களா?

பார்த்துத்தான் வைக்கிறார்கள். பட்டை இழுவையை எடுக்க வேண்டுமானால் மண் கொஞ்சமாவது நகர்ந்தாக வேண்டும். நகராத மண்ணில் பட்டை வெறுமனே கிடக்கும். ஆகவே மண் போட்டு ரோலர் ஓடும்போது பேனல் வெளியே வருவது உறுதி. அந்த அளவை முன்கூட்டியே உள்பக்கச் சாய்வாகக் கொடுத்துவிட்டால், மண் ஏறியதும் பேனல் தூக்குக்குண்டு நூலுக்கு வந்து நிற்கும். இரும்புப் பட்டைச் சுவரில் மீட்டருக்கு 10 மில்லிமீட்டர் என்று ஆரம்பிப்பது வழக்கம். ஜியோகிரிட்டுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும்.

சரியான எண்ணைப் புத்தகம் தராது, அந்த மண்ணும் அந்த ரோலரும்தான் தரும். முதல் இரண்டு மூன்று வரிசைக்கு, மண் போடும் முன் ஒரு அளவும் போட்ட பின் ஒரு அளவும் எடுத்து எழுதி வையுங்கள். நான் ஒவ்வொரு பேனலிலும் சுண்ணக்கட்டியால் தேதியோடு எழுதிவிடுவேன். நான்காவது வரிசைக்குச் சாய்வு எவ்வளவு என்று அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.

கட்டும்போது எவ்வளவு வெளியே வரலாம்? எந்த அளவுக்கு மேல் பயப்பட வேண்டும்?

அமெரிக்கக் கூட்டரசு நெடுஞ்சாலை நிர்வாகத்தின் வழிகாட்டி ஒரு தோராயக் கணக்கு தருகிறது. பட்டை நீளம் 0.7 பங்கு என்றால், இரும்புப் பட்டைக்கு உயரத்தில் 250இல் ஒரு பங்கு, ஜியோகிரிட்டுக்கு 75இல் ஒரு பங்கு. நம் 6 மீட்டர் சுவருக்கு முறையே 24 மில்லிமீட்டர், 80 மில்லிமீட்டர். பட்டையை 0.5 பங்காகக் குறைத்தால் நகர்வு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். மேலே 20 கிலோபாஸ்கல் (சதுர மீட்டருக்குச் சுமார் இரண்டு டன்) சுமை கூடும் ஒவ்வொரு முறையும் சுமார் 25 சதவீதம் ஏறும்.

இது கட்டும் காலத்தில் மண் தள்ளும் மொத்த நகர்வு. சாய்வு சரியாகக் கொடுத்திருந்தால் இதில் பெரும்பகுதி கண்ணுக்கே தெரியாது. முடிந்த சுவரில் மூன்று மீட்டர் சட்டத்தை வைத்துப் பார்த்தால் 20 மில்லிமீட்டருக்குள் மேடு பள்ளம் இருப்பது ஏற்கத்தக்கது. பயப்பட வேண்டிய அறிகுறி வேறு: மண் ஏற்றுவதை நிறுத்திய பிறகும் அளவு ஏறிக்கொண்டே போவது.

சுவர் நடுவில் வயிறு தள்ளியிருக்கிறது. விழுந்துவிடுமா?

லேசான வயிறு இந்தச் சுவரின் இயல்பு. அடி வரிசை தரைக்குள் புதைந்து நிற்பதால் அதிகம் நகர முடியாது. உச்சி வரிசையை வைக்கும் நேரத்தில் கீழே நடக்க வேண்டிய நகர்வெல்லாம் நடந்து முடிந்திருக்கும். அதன் மேல் ஏறப்போவதும் கொஞ்சம் மண்தான். நடு வரிசைகளோ, தாங்கள் வைக்கப்பட்ட பிறகு மேலே மூன்று மீட்டர் மண் ஏறுவதை முழுக்க அனுபவிக்கின்றன.

ஆனால் வயிறு ஓர் இடத்தில் மட்டும், பத்துப் பதினைந்து மீட்டர் நீளத்துக்குள் துருத்திக்கொண்டிருந்தால் காரணம் தேட வேண்டும். பெரிய ரோலர் முகப்பை ஒட்டி ஓடியிருக்கலாம். மழையில் நனைந்த மண்ணை அப்படியே போட்டு உருட்டியிருக்கலாம். ஜியோகிரிட்டைச் சுருக்கம் நீக்கி இழுத்துக் கட்டாமல் மண் கொட்டியிருக்கலாம். தொய்வு தீரும் வரை வலை எதையும் பிடிக்காது, பேனல் அவ்வளவும் வெளியே வந்துவிடும்.

பேனல் பக்கத்தில் பெரிய ரோலர் விடக்கூடாது என்கிறீர்கள். அப்புறம் அங்கே மண் லூசாகத்தானே கிடக்கும்?

நியாயமான கேள்வி. முகப்பிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை மீட்டருக்குள் கையால் தள்ளும் பிளேட் காம்பாக்டரோ சிறு ரோலரோ மட்டும்தான். அதனால் அங்கே படுகையை மெல்லிசாகப் போட்டு, அதிக முறை ஓட்ட வேண்டும். உள்ளே 20 முதல் 30 சென்டிமீட்டர் படுகை என்றால் இங்கே பாதி. அவசரத்தில் முதலில் கைவிடப்படுவதும் இந்த இடம்தான். எனக்கு இதில் சமரசமே கிடையாது. இந்த ஒரு மீட்டர் மண் பின்னால் அமுங்கினால், பட்டை போல்ட்டில் மாட்டிய இடத்தில் கீழ்நோக்கி வளைந்து தொங்கும். பேனலோ அமுங்காது. அந்த வளைவின் சுமை முழுவதும் இணைப்பின் தலையில் விழும்.

ரோலர் சுவருக்கு இணையாக ஓட வேண்டும். ஜியோகிரிட் விரித்திருந்தால் மண்ணை முகப்பிலிருந்து பின்நோக்கிப் பரப்ப வேண்டும், அப்போதுதான் தொய்வு வால்பக்கம் போகும். உருளையில் குமிழ்கள் துருத்திக்கொண்டிருக்கும் ஆட்டுக்கால் ரோலர் கூடாது. 15 சென்டிமீட்டர் மண்ணாவது மேலே இல்லாமல் செயின் வண்டி பட்டை மேல் ஏறக் கூடாது.

மர ஆப்பை எப்போது எடுப்பது? எடுக்காமலே விட்டால் என்ன?

அடி வரிசைக்கு வெளியே முட்டுக் கொடுக்கிறோம். மேல் வரிசைகளைக் கீழ்ப் பேனலோடு கிளாம்ப் போட்டு, இடுக்கில் மர ஆப்பு வைத்து நிறுத்துகிறோம். ஆப்பு வைத்த பேனலுக்கு மேலே உள்ள பேனல் நின்று, அதற்கு மண்ணும் போட்டாயிற்றென்றால் ஆப்பைக் கழற்றிவிட வேண்டும்.

நான் வேலை பார்த்த ஒரு சுவரில் மூன்று நான்கு வரிசை முழுக்க ஆப்பு உள்ளேயே இருந்துவிட்டது. மேலே ஏற ஏற இடுக்கு இறுகியது. இறுகுவதற்காகத்தான் இடுக்கில் ரப்பர் பட்டை வைக்கிறோம், அது அமுங்கிக்கொடுக்கும். காய்ந்த மரம் கொடுக்கவில்லை. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் பேனல் மூலைகளில் உள்ளங்கை அகலத்துக்குக் கான்கிரீட் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து, கம்பி தெரிந்தது. சில்லை எடுத்துப் பார்த்தேன், ஆப்பின் நார்த்தடம் அப்படியே கான்கிரீட்டில் பதிந்திருந்தது. பாரம் ரப்பரில் இறங்காமல் ஒரு மரத்துண்டின் முனையில் இறங்கியிருக்கிறது. கழற்றக் கொஞ்ச நேரம் போதும், பூச்சு வேலைக்கு மூன்று வாரம் ஆயிற்று.

நல்ல மணல் கிடைக்கவில்லை. தோண்டிய களிமண்ணையே கெட்டிப்படுத்திப் போட்டால் ஆகாதா?

ஆகாது என்றே சொல்வேன். வழக்கமான விதி, 75 மைக்ரான் சல்லடையில் இறங்கும் பொடி 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதல் கேள்வியில் சொன்ன உராய்வு களிமண்ணில் குறைவு, நனைந்தால் இன்னும் குறையும். அதைவிட முக்கியம், உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் தேங்கிவிடும்.

2013இல் ராபர்ட் கோர்னரும் ஜார்ஜ் கோர்னரும் ஜியோகிரிட் போன்ற செயற்கை வலைகள் கொண்டு கட்டிப் பழுதான 171 சுவர்களைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். அவற்றில் 61 சதவீதத்தில் வண்டலோ களிமண்ணோ நிரப்பியிருந்தார்கள். 60 சதவீதம் தண்ணீரால் வந்த பழுது. புதிதாக வரும் பொறியாளர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த இரண்டு எண்களையும்தான். வலை அறுந்து விழுந்த சுவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தண்ணீர் தேங்கிச் சரிந்த சுவர் நிறைய இருக்கிறது.

மழைக்கு அப்புறம் பேனல் இடுக்கில் தண்ணீர் வழிகிறது. ஓட்டை விழுந்துவிட்டதா?

இடுக்கு வழியாகத் தண்ணீர் வரட்டும் என்றுதான் விட்டிருக்கிறோம். பின்னால் ஜியோடெக்ஸ்டைல் துணி ஒட்டியிருப்பதால் தண்ணீர் வரும், மண் வராது. பார்க்க வேண்டியது வரும் தண்ணீரின் நிறத்தை. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ராத்திரி முழுக்க அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் மண் படிந்திருந்தால் துணி கிழிந்திருக்கிறது அல்லது ஒட்டாமல் விட்டிருக்கிறார்கள். பேனல் அடியில் சிறு மணல் கூம்பு சேர்ந்திருப்பதும் அதே செய்திதான். உள்ளே வெற்றிடம் உண்டாகிறது, சாலை ஒருநாள் அங்கே உள்வாங்கும். இடுக்கோரம் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பெரும்பாலும் கான்கிரீட்டிலிருந்து வரும் சுண்ணாம்பு, கவலை வேண்டாம்.

மழை விட்டு நாட்கணக்கில் ஆகியும் ஒரே இடத்தில் கசிந்துகொண்டிருந்தால் மேலே தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். அடைத்துவிட்டால் போதும் என்று இடுக்கைச் சிமெண்ட் வைத்துப் பூசிவிடாதீர்கள். அப்படிப் பூசினால் உள்ளே தண்ணீரின் அழுத்தம் ஏறும், பேனல் அதற்காக வடிவமைக்கப்பட்டதில்லை.

கட்டி முடித்த பிறகும் சுவர் நகர்ந்துகொண்டே இருக்குமா?

இரும்புப் பட்டைச் சுவரில் நகர்வு பெரும்பாலும் கட்டும்போதே முடிந்துவிடும். ஜியோகிரிட் பிளாஸ்டிக் ஆகையால் மாறாத சுமையிலும் மெல்ல மெல்ல நீளும். முதல் சில மாதங்களில் தெரியும், பிறகு நாள் போகப் போக வேகம் குறையும். பாலியெஸ்டர் குறைவாகவும், பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் கூடுதலாகவும் நீளும். வெப்பத்தில் இது இன்னும் வேகமெடுக்கும். பிரிட்டிஷ் தரநெறியான பி.எஸ். 8006, கட்டி முடித்த பின் வரும் இந்த நீட்சிக்குச் சாதாரணச் சுவரில் 1 சதவீதமும், பாலத்தைத் தாங்கும் சுவரில் 0.5 சதவீதமும் என்று வரம்பு வைக்கிறது.

அடியில் நிலம் இறங்கினால் சுவர் பிளந்துவிடாதா?

சீராக இறங்கினால் ஒன்றும் ஆகாது. ஓரிடத்தில் அதிகமாகவும் அடுத்த இடத்தில் குறைவாகவும் இறங்குவதுதான் சிக்கல். சிறு பேனல்களுக்கு நடுவில் 20 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தால் நூற்றுக்கு ஒன்று வரை, அதாவது பத்து மீட்டர் நீளத்தில் பத்து சென்டிமீட்டர் வித்தியாசம் வரை, ஒவ்வொரு பேனலும் லேசாகச் சுழன்று சமாளித்துக்கொள்ளும். முழு உயரத்துக்கும் ஒரே பேனல் என்றால் ஐந்நூறுக்கு ஒன்றுதான் பொறுக்கும். மேலே கைப்பிடிச் சுவரை அவசரப்பட்டு வார்க்காமல், நிலம் இறங்கி முடியும் வரை பொறுத்தால் பாதி விரிசல் வராமலே போகும்.

இரும்பு மண்ணுக்குள்ளே துருப்பிடித்து அற்றுப்போகாதா?

துருப்பிடிக்கும். அதைக் கணக்கில் எடுத்தே கனம் வைக்கிறோம். பட்டையின் மேல் 86 மைக்ரான் துத்தநாகப் பூச்சு உண்டு. வடிவமைப்பில் கொள்ளும் வேகம் முதல் இரண்டு ஆண்டு 15 மைக்ரான் வீதம், பிறகு ஆண்டுக்கு 4. இதன்படி பூச்சு 16 ஆண்டு வரும். அதன்பின் இரும்பு, ஒவ்வொரு பக்கமும் ஆண்டுக்கு 12 மைக்ரான். 75 ஆண்டு முடிவில் 4 மில்லிமீட்டர் பட்டையில் சுமார் 2.6 மில்லிமீட்டர் மிஞ்சும். இழுவையை அந்த 2.6 தாங்க வேண்டும் என்றுதான் கணக்குப் போடுகிறோம்.

இந்த வேகமெல்லாம் உப்பும் அமிலமும் இல்லாத மண்ணுக்கு மட்டும். குளோரைடு பத்து லட்சத்தில் 100 பங்குக்குள், பி.எச். 5 முதல் 10க்குள் இருக்க வேண்டும். மண் பரிசோதனைத் தாளில் இந்த இரண்டு வரியும் காலியாக இருந்தால் லோடை இறக்கவிடாதீர்கள்.

நிலநடுக்கம் வந்தால்?

வளைந்துகொடுக்கும் சுவர் என்பதால் பொதுவாக நன்றாகவே தாக்குப்பிடித்திருக்கிறது. 1995இல் ஜப்பானின் கோபே நிலநடுக்கத்தில் சுற்றுவட்டாரக் கட்டடங்கள் பெரும் சேதமடைந்த இடத்தில், தனதா என்னுமிடத்து ரயில்வே சுவர் வெளியே நகர்ந்ததே தவிர விழவில்லை.

மேலே ரோட்டில் சுவருக்கு இணையாக நீளமாக விரிசல் ஓடுகிறது. சுவர் சரியப்போகிறதா?

முதலில் டேப் எடுத்து, முகப்பிலிருந்து விரிசல் எத்தனை மீட்டர் என்று அளந்து பாருங்கள். இரண்டாவது கேள்வியில் சொன்ன தூரங்கள் இங்கேதான் உதவும். 4.2 மீட்டரில், அதாவது பட்டை முடியும் இடத்தில் விரிசல் என்றால், கெட்டியான மண்கட்டியும் பின்னால் உள்ள கரையும் வேறு வேறு அளவில் இறங்கியிருக்கின்றன. அடிக்கடி காண்பது இது. தார் ஊற்றி அடைத்துவிட்டு, மறுபடி திறக்கிறதா என்று கவனித்தால் போதும். அடைக்காமல் விட்டால் மழைத்தண்ணீர் நேராக உள்ளே இறங்கும்.

விரிசல் 1.8 முதல் 3.2 மீட்டருக்குள் இருந்தால் நிலைமை வேறு. அது இழுவை அதிகமாக உள்ள கோடு, பட்டைகள் நழுவுகின்றனவோ அறுகின்றனவோ என்று சந்தேகிக்க வேண்டும். அன்றைக்கே கனரக வண்டியை அந்தப் பக்கம் விடாமல் தடுத்து, முகப்பில் குறிகள் ஒட்டி சர்வே எடுக்கத் தொடங்குங்கள். வாரம் ஒரு அளவு, ஒரே ஆள், ஒரே நேரம். வெயில் ஏறினால் கருவியும் கான்கிரீட்டும் சேர்ந்து ஏமாற்றும்.

ஒன்றரை அடிதான் தோண்டப்போகிறோம், கேபிள் போட. பட்டையை அறுக்காமல் தோண்டினால் பரவாயில்லைதானே?

பட்டை அறுபடாவிட்டாலும் பாதிப்பு உண்டு. உராய்வு மேலே உள்ள மண்ணின் கனத்தைப் பொறுத்தது. உச்சிப் பட்டைக்கு மேலே 75 சென்டிமீட்டர் மண் இருந்து, அதில் 45 சென்டிமீட்டரை நீளவாக்கில் எடுத்துவிட்டால், தோண்டிய அகலத்துக்கு அந்தப் பட்டையின் பிடி பாதிக்கும் கீழே போய்விடும். ஏற்கெனவே பிடி குறைவாக உள்ளதும் உச்சி வரிசைதான்.

கேபிளுக்கான வழியைக் கட்டும்போதே விட வேண்டும். கம்பத்தின் அடிவாரமோ தூணோ குறுக்கே வந்தால் பட்டையை 15 டிகிரிக்குள் பக்கவாட்டில் திருப்பிக் கொண்டுபோகலாம். இல்லையேல் அதற்கென்று வடிவமைத்த சட்டம் போட வேண்டும். இடைஞ்சலாக இருக்கிறது என்று அறுத்துவிட்டு மண்ணைப் போட்டு மூடிவிட்டால், பிறகு யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது. இதை நினைத்துத்தான் பட்டை விரிக்கும் நாட்களில் நான் சைட்டைவிட்டு நகர்வதில்லை.

ஒரே ஒரு பேனல் மட்டும் வெளியே வந்திருக்கிறது. ஜாக்கி வைத்து உள்ளே தள்ளிவிடலாமா?

வேண்டாம். பட்டை இழுப்பதற்குத்தான் லாயக்கு. தள்ளினால் மண்ணுக்குள் வளைந்து, இணைப்பு தளர்ந்துவிடும். கட்டிக்கொண்டிருக்கும்போதே கவனித்தால் அந்த வரிசை வரை மண்ணைப் பிரித்து இறக்கி மறுபடி கட்டுவதுதான் சரியான வழி. இரண்டு நாள் வேலை வீணாயிற்றே என்று யோசிக்க வேண்டாம்.

முடிந்துபோன சுவரில் என்றால் மூன்று மாதமாவது அளவெடுங்கள். நகர்வு நின்றிருந்து, இடுக்கில் மண்ணும் வரவில்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம். அது கட்டும்போது விழுந்த தழும்பு. நகர்ந்துகொண்டிருந்தால் பேனல் வழியாகத் துளையிட்டு, பட்டைகள் முடியும் இடத்துக்கும் பின்னால் போகும் ஆணிக்கம்பிகளை இறக்கிச் சிமெண்ட் பாலால் நிரப்பி, முகப்பில் தகடு வைத்து முடுக்குவார்கள். துளை போடும் முன் வரைபடத்தைப் பார்த்துப் பட்டைகள் எங்கே போகின்றன என்று பேனல் மேலேயே கோடு போட்டுக்கொள்ளுங்கள். துளைக்கருவி ஒரு நல்ல பட்டையை அறுத்துவிட்டால் பக்கத்துப் பேனலும் கிளம்பிவிடும்.